எந்த உயரத்தில்

தெமட்டகொடையில் எங்கள் வீடு
என்று சொல்லும்போது
'எங்கள்' கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.
கரண்ட் பில் மாமியின் பெயரில் வருகிறது.
தண்ணீர் பில்லும்.
கீழ்மாடி மூத்த ராத்தாவுக்கு, மேல்மாடி ருஸ்னாவுக்கு,
நடுமாடி எனக்கு.
இல்லை, ஹஸ்மியாவுக்கு.
அதே கிழமை ஏற்றிய அலுமாரியோடு
நானும் ஏறி வந்தவன்.
அலுமாரி படிவளைவில் இரண்டு தரம் மாட்டிக்கொண்டது.

முதல் ராத்திரி லைட் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை.
கேட்க வெட்கம்.
இருட்டில் சுவரைத் தடவிப் போன கையில்
தட்டம் ஒன்று தட்டுப்பட்டது.
அது படி படியாக இறங்கி
கேட் வரைக்கும் போய்த்தான் ஓய்ந்தது.
முழு வீடும் விளக்குப் போட்டு
புது மாப்பிள்ளையைப் பார்த்தது.

இரும்புக்கடையில் என்னோடு நிற்கும் விஜேபாலவுக்கு
இது பெரிய பகிடி.
பின்னமாய்ப் போனவன்
டோர்ச்சும் கைத்தடியும் கதவோரம் வைத்திருக்க வேணுமாம்,
எந்த ராத்திரி வெளியே போகச் சொல்வார்களோ.
நான் சிரித்தேன்.
அன்று பின்னேரம் மழைக்கு வாங்கியது போல
ஒரு குடை வாங்கிக் கதவோரம் வைத்தேன்.

மூன்றாம் வருடம் அது தேவைப்பட்டது.
மகளின் பள்ளிக்கூடம் பற்றிய பேச்சு.
என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்த பேச்சு.
சேர்ட்டை மாட்டி, சத்தமாய்ப் படியிறங்கி,
கதவோரம் கையை நீட்டினால்
குடை இல்லை.
மாமி எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போயிருந்தார்.
வெளியே அடைமழை.
கடைசிப் படியில் குந்தியிருந்தேன்.
மாமி வந்தார், குடையை உதறினார்,
"மருமகன், பாரை மீன் நல்லாக் கிடைச்ச" என்றார்.
இதற்குப் பிறகு ஒரு மனிசன் எங்கே போவது?

ஹஸ்மியா இதையெல்லாம் அறியாள்.
பிள்ளை பெற்ற நாற்பதும்
தன் தலையணையிலேயே தூங்கினாள்.
கோபம் வந்தால் இருந்த இடத்திலேயே கோபிப்பாள்.
நடு வீட்டில் நின்று
மேல்மாடிக்குக் கேட்கச் சிரிப்பாள்.
அந்தச் சிரிப்புக்கு என் ஊதியத்தில் பாதி தரலாம்
என்று நினைத்த நாட்கள் உண்டு.
மீதிப் பாதி ஏற்கெனவே சீமெந்துக்குப் போய்விட்டது.

போன ஹஜ்ஜுப் பெருநாள் புதுக்கடைக்குப் போனேன்.
நான் பிறந்த வீடு.
இஹ்லாஸ் கதவு திறந்தார்.
"வாங்க மச்சான், இருங்க."
வாப்பாவின் கதிரையில் என்னை இருத்திவிட்டு
அவர் நின்றார்.
என் பள்ளிக்கூடச் சேர்ட் தொங்கிய ஆணியில்
அவருடைய சாரம்.
தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சொல்ல
குசினி வாசலில் போய் நின்று
தொண்டையைச் செருமினார், மெதுவாக, ஒரு தரம்.
உள்ளே என் தங்கச்சி
யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.
இன்னொரு தரம் செருமினார்.
பதினாறு வருடமாக நான் செருமுவதும் அதுதான்.
சீனியில்லாமலே குடித்தேன்.
வெளிக்கிடும்போது அவருடைய கையை
வழமையை விடக் கூட நேரம் பிடித்திருந்தேன்.
ஏனென்று அவர் கேட்கவில்லை.

இப்போது மொட்டைமாடியில்
நாலாவது தட்டுக்குக் கம்பி நிற்கிறது.
ஷம்ராவுக்கு.
ஷம்ராவுக்கு வயது பன்னிரண்டு,
நேற்றும் பல்லுக் கம்பி பூட்டமாட்டேன் என்று அழுதாள்.
அவளுக்கு வரப்போகிறவன்
இந்நேரம் கொழும்பில் எங்கேயோ
கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்டுக்கொண்டிருப்பான்.
இதைவிட அவனைப் பற்றி
எனக்கொன்றும் தெரியாது.

சிறிபால பாஸ் பச்சைச் சுவரில்
பென்சிலோடு நிற்கிறார்.
சுவிட்ச் எங்கே, மாத்தையா?
கதவைத் திறந்தவுடன், வலப்பக்கம், என்கிறேன்.
இருட்டில் தடவினாலும் முதலில் அகப்பட வேணும்.
எந்த உயரத்தில்?
கண்ணை மூடி, வாசலில் நின்று,
புதியவன் ஒருவனைப் போல் கையை நீட்டுகிறேன்.
விரல் பட்ட இடத்தில்
ஈரச் சீமெந்து.
இதில்.

பாஸ் கோடு போடாமல் என்னைப் பார்க்கிறார்.
"பொடியன் கட்டையாக இருந்தால்?"